ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்த வைத்த கதை!

“ஆறு வோல்ட்டுதான் மாமா… ஒண்ணும் பண்ணாது. தைரியமாத் தூக்கிட்டுப் போங்க!”

2023 டிசம்பர் 4-ம் தேதி ராத்திரி என் மாமனாரிடம் நான் உதிர்த்த வாசகம் இது. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டி எடுத்த நாள். தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய் ஒரு பகல் முழுக்க ஆகியிருந்தது. வீட்டிலிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. எங்களிடம் இருந்த ஒரே எமர்ஜென்ஸி லைட், தன் பெயருக்கு அர்த்தம் வந்த முதல் நாளிலேயே எரிய மறுத்தது.

மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிற நேரம். மாப்பிள்ளை சும்மா இருக்க முடியுமா? காய்கறி நறுக்கும் கத்தியால் ஸ்க்ரூவைத் திருகி, முதுகைத் திறந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயர், கறுப்பு வயர் இரண்டுமே அறுந்து தொங்கின. அவ்வளவுதானே! பல்லால் கடித்து வயரின் தோலை உரித்தேன். சிவப்பை சிவப்போடு முறுக்கினேன். கறுப்பைக் கறுப்போடு முறுக்கினேன். இரண்டையும் சேர்த்து ஒரே சுற்றாக செலோ டேப் ஒட்டினேன். சுவிட்சைத் தட்டினால்… பளிச்! வீடே கை தட்டியது. முடிச்சு புடைத்துக்கொண்டு நின்றதால் மூடியைத் திரும்பப் போட முடியவில்லை. அதனால் என்ன? வெளிச்சம் வந்தால் சரி.

ஒரு மணி நேரம் கழித்து மாமனார் பாத்ரூம் போக வேண்டுமென்று லைட்டைத் தூக்கப் போனார். மூடியில்லாத முதுகைப் பார்த்துத் தயங்கினார். அப்போதுதான் மேற்படி பொன்மொழி.

தூக்கினார். ஈரத்தில் இளகிப் போயிருந்த டேப் வழுக்கி, சிவப்பும் கறுப்பும் கட்டித் தழுவிக்கொண்டன. ஒரே நொடி. ஊசி மாதிரி இருந்த வயர் செக்கச் சிவந்து, மேலிருந்த பிளாஸ்டிக் உருகி, அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. லைட் கீழே விழுந்தது. கும்மிருட்டு. தீய்ந்த நாற்றம்.

மாமனார் அலறவில்லை. அந்த இருட்டில் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“ஆறு வோல்ட்டுதானே மாப்ளே?”

அவர் மின்வாரியத்தில் 30 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கணக்குப் பிரிவுதான். இருந்தாலும் அந்தக் கேள்வி, ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியது போல இன்னும் இருக்கிறது.

அப்புறம் நடந்த வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருத்தர் இட்லி மாவு என்றார். ஒருத்தர் டூத் பேஸ்ட் என்றார். பேஸ்ட் ஜெயித்தது. ரெண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்து டாக்டரிடம் போனபோது, காய்ந்து போன பேஸ்ட்டைச் சுரண்டி எடுப்பதற்குள் அவர் பட்ட பாடு, சுட்டதை விட அதிகம். “சுட்ட உடனே நல்ல தண்ணியில 20 நிமிஷம் காட்டியிருந்தாப் போதும். ஐஸ் கூட வேண்டாம். மாவு, இங்க், பேஸ்ட் எதுவும் தேவையில்லை” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. எல்லாரும் என்னைப் பார்த்துதான் பேசினார்கள் அந்த மாதம் முழுக்க.

பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போக வேண்டும். “வெறும் கையோட போகாதீங்க. அப்பாவுக்கு நல்லதா ஒரு லைட் வாங்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பழைய லைட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

* * *

மவுண்ட் ரோடு போகாதவர்கள் சென்னையில் கிடையாது. ஆனால் அதிலிருந்து ஒரு எட்டு உள்ளே திரும்பினால் இருக்கிற இந்தத் தெருவை, தேவை வந்தால்தான் பார்ப்போம். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இந்தப் பாதையில் மெட்ரோ வந்தது 2019-ல். அதற்கு முன்னால் எல்.ஐ.சி. ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து குதிப்பதுதான் வழக்கம். ஊரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்ட அந்த எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறந்தது. 1975-ல் அதுவும் தீப்பிடித்து எரிந்திருக்கிறது. நம் கதைக்கு சகுனம் பாருங்கள்!

ரிச்சி தெரு என்று ஒரு பெயரைச் சொல்கிறோமே தவிர, அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து விழுங்கிய ஒரு பேட்டை. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி இதுதான் என்று இங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். நேரு பிளேஸில் உட்காரவாவது இடம் இருக்கும். இங்கே நின்றால், பின்னால் மானிட்டர் தூக்கிக்கொண்டு வருகிறவர் “வழி… வழி…” என்று முதுகில் இடித்துவிட்டுப் போகிறார்.

தெருவில் நுழைந்த அஞ்சாவது அடியில், “சார், சிசிடிவி பாக்கறீங்களா?” பத்தாவது அடியில், “லேப்டாப் பேட்டரி?” பதினைந்தாவது அடியில் ஒரு பையன் என் முகத்தைப் பார்த்து, கேள்வியே கேட்காமல் “சர்வீஸா சார்? மாடி!” என்றான். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது.

இந்தப் பேட்டையைப் பற்றி எனக்கு ஒரு பிரமிப்பு உண்டு. ரேடியோ விற்ற தெரு, டி.வி. வந்ததும் டி.வி. பாகம் விற்றது. கேசட் வந்ததும் கேசட், சி.டி. வந்ததும் சி.டி., கம்ப்யூட்டர் வந்ததும் அது, இப்போது செல்போன் டிஸ்ப்ளே, கேமரா, எல்.ஈ.டி. பட்டை. ஒவ்வொரு தடவையும் ‘இதோட ரிச்சி ஸ்ட்ரீட் அவ்வளவுதான்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தெரு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் இருக்கிற சிந்தாதிரிப்பேட்டையும் அப்படித்தான். 1734-ல் கவர்னர் ஜார்ஜ் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ‘சின்னத்தறிப்பேட்டை’ அது. அன்றைக்கு நூல் இழையை முடிச்சுப் போட்டவர்கள் வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்றைக்குச் செம்புக் கம்பியை ஒட்டுகிறார்கள்.

ஒரு கடையில் லைட்டை எடுத்துக் காட்டி, “இதே மாதிரி புதுசு வேணும்” என்றேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுசு விற்றால் அவருக்கு லாபம். அவர் சொன்னது வேறு.

“பேட்டரி நல்லாத்தானே சார் இருக்கு. வெறும் வயரு. சால்டர் வெச்சா முடிஞ்சுது. மாடியில ஒரு பெரியவர் இருக்காரு. ரெண்டு நிமிஷ வேலை.”

ரெண்டு நிமிஷ வேலைக்கு நான் அங்கே உட்கார்ந்திருந்தது மூன்றரை மணி நேரம்.

* * *

இருட்டுப் படிக்கட்டு. வெற்றிலைச் சாற்றால் சுவருக்குப் பாதி உயரம் பெயின்ட் அடித்திருந்தது. மேலே வரிசையாகப் புறாக் கூண்டு மாதிரிக் கடைகள். கடைசியில் இருந்த கூண்டில், மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயதிருக்கும். எதிரே பலகையில் கம்பி ஸ்டாண்டில் சொருகிய சால்டரிங் அயர்ன், அதன் காலடியில் ஈரமான ஸ்பாஞ்ச், சின்ன டப்பாவில் பேஸ்ட். முகத்தை ஒட்டி இல்லாமல், பக்கவாட்டில் ஒரு குட்டி ஃபேன், புகையை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

என் செலோ டேப் வேலைப்பாட்டை அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“யார் சார் பண்ணது இது?”

“பக்கத்து வீட்டுப் பையன்” என்றேன் கூசாமல்.

“அவனை இட்டுனு வாங்க ஒரு நாளு. ரெண்டு சாத்து சாத்தணும்.”

எனக்கு வியர்த்தது. அவர் அயர்னைக் கையில் எடுத்தார். வேலையை முடித்துக் கொடுத்திருப்பார். நானும் காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். ஏனோ, “பெரியவரே, எனக்கு இதைச் சொல்லித் தர முடியுமா?” என்று கேட்டுவிட்டேன்.

“எதுக்கு? ஆபீஸ்ல வேலை போயிடுச்சா?”

உண்மையைச் சொன்னேன். புயல், இருட்டு, மாமனார் உள்ளங்கை, பக்கத்து வீட்டுப் பையன் என்று யாரும் கிடையாது என்பது வரைக்கும். அவர் அயர்னைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்தார். ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

“உக்காரு.”

அந்த நிமிஷத்தோடு ‘சார்’ போய்விட்டது.

முதல் பாடம் அந்த ஆறு வோல்ட். “ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனா ஷாக் வேற, சூடு வேற. இந்த பேட்டரிய ஷார்ட் பண்ணா பத்து ஆம்பியர், இருபது ஆம்பியர்னு பொளந்துகினு வரும். உன் வீட்டு ஏ.சி. கூட அவ்ளோ இழுக்காது. இத்துனூண்டு வயரு தாங்குமா? ஹீட்டர் ஆயிடும்.” அப்புறம் லைட்டின் உள்ளே இருந்த சின்ன போர்டைத் திருப்பிக் காட்டினார். “இதுல டிரான்ஸ்பார்மர் எங்க, காட்டு?” நான் தேடினேன். இல்லை. “இந்த மலிவு லைட்டுல எல்லாம் இருக்காது. ஒரு கெப்பாசிட்டர வெச்சு நேரா 230 வோல்ட்டுல இருந்து சார்ஜ் ஏத்தறான். பிளக்குல மாட்டினு நீ உள்ள தொட்டா, ஆறு வோல்ட்டு இல்ல. நேரா மேல்லோகம். அன்னைக்குக் கரண்டு இல்லாத இருந்துச்சு பாரு… அதான் உன் மாமனார் பொழைச்சாரு.”

என் முதுகுத் தண்டில் ஜிலீர் என்றது. கரண்ட் இல்லை என்று அந்த ராத்திரி முழுக்க மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பேட்டரியின் கிளிப் இரண்டையும் பிடுங்கி, பேட்டரியைத் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் பெரியவர் மேற்கொண்டு பேசினார். உயிரோடு இருக்கிற வயரில் அயர்ன் வைக்கக் கூடாதாம்.

“கடைக்குப் போயி உனக்குன்னு சாமான் வாங்கினு வா. கடன் வாங்கற அயர்ன்ல கத்துக்க முடியாது” என்று விரட்டினார். இறங்கினேன். 25 வாட் அயர்ன் ஒன்று, ஸ்டாண்டு, ஸ்பாஞ்ச், ஒரு சுருள் ஈயம், கட்டர், நோஸ் பிளையர், ஸ்லீவ் கொஞ்சம், ஃப்யூஸும் அதன் ஹோல்டரும். 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. அயர்னில் மூணு பின் பிளக் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார். இரும்பு உடம்புக்கு எர்த் வேண்டுமாம். “பிளக்க வெட்டிட்டு, ரெண்டு வயர தீக்குச்சி வெச்சு சொருகறானுங்க பாரு, அந்த வேலை வேணாம்” என்று எச்சரிக்கை வேறு. (நான் காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் அயர்ன் பாக்ஸ் போட்டது அப்படித்தான்!)

* * *

அயர்ன் சூடாக அஞ்சு நிமிஷம் ஆயிற்று. அந்த நேரத்தில் ஈயத்தைப் பற்றிச் சொன்னார். நாம் ஈயம் என்று சொல்கிறோமே தவிர, சுருளில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். வெள்ளீயம் தனியாக உருக 232 டிகிரி வேண்டும். காரீயத்துக்கு 327. இரண்டையும் கலந்தால் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடுகிறது! ரெண்டு பிடிவாதக்காரர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தால் ரெண்டு பேருமே இறங்கி வருவது போல. (என் வீட்டில் இந்த விதி வேலை செய்ததாகத் தெரியவில்லை.) கம்பியின் நடுவில், மருந்து மாதிரி பைன் மரப் பிசினை அடைத்திருக்கிறார்கள். செம்பின் மேலே இருக்கிற அழுக்கைத் தின்று, ஈயத்துக்குப் பாதை போடுவது அந்தப் பிசின்தான்.

“ம்… ஒட்டு.”

ரெண்டு துண்டு வயரை முறுக்கினேன். அயர்ன் நுனியில் ஈயத்தை வைத்து உருக்கினேன். புஸ்ஸென்று புகை. நுனியில் முத்துப் போலத் திரண்ட ஈயத்தை எடுத்து வயர் மேல் தடவினேன். அது வயரில் ஒட்டாமல், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு, என் பேன்ட்டில் விழுந்தது. துள்ளிக் குதித்ததில் அயர்ன் கை நழுவியது. பிடிக்கப் பாய்ந்தேன். அதற்குள் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அயர்ன் தரையில் விழுந்து உருண்டது.

“விழற அயர்னப் புடிக்காத! விழுந்தா விழட்டும். நூறு ரூபா போச்சுன்னு நெனச்சுக்க.” தன் வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலிலிருந்து நடு விரல் வரை ஒரு பழைய தழும்பு. “எனக்கு அப்ப பதினாறு வயசு. புடிச்சேன்.”

அயர்ன் நுனி 350 டிகிரி வரை போகும். வீட்டில் பஜ்ஜி போடும் எண்ணெயை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சுவர் ஓரமாகக் காலை மடக்கி உட்கார்ந்தேன். அடுத்த முறை இப்படி ஒரு இடத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

ரெண்டாவது, மூணாவது, நாலாவது முயற்சி. ஒவ்வொன்றையும் பெரியவர் வாங்கி, ஒரு இழு இழுத்தார். கையோடு வந்தது. பார்ப்பதற்கு ஒட்டின மாதிரியே இருக்கிறது, இழுத்தால் வந்துவிடுகிறது!

“இதான்யா டேஞ்சர். ஒட்டலன்னா உனக்குத் தெரிஞ்சுடும். ஒட்டின மாதிரி இருக்கு பாரு, அது ஒரு நாள் ராத்திரி உன்னைக் கவுத்துடும். உள்ள லூசா இருக்கும். கரண்டு போவப் போவ அந்த எடம் சுடும்.”

அப்புறம்தான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் தெருத் தெருவாகப் போய், “பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே…” என்று கூவிய ஆள். பித்தளைப் பாத்திரம், துருத்தி, கரி அடுப்பு, நவச்சாரம். சின்னப் பையனாக இருந்தபோது துருத்தி போடுவது இவர் வேலை.

“எங்கப்பா ஈயத்தையா சூடு பண்ணாரு? பாத்திரத்தச் சூடு பண்ணாரு. நல்லா தேச்சுக் கழுவி, நெருப்புல வெச்சு, நவச்சாரத்தத் தூவி, பாத்திரம் கொதிக்கிற சூட்டுல ஈயக் குச்சிய ஒரு இழுப்பு இழுப்பாரு. பஞ்ச வெச்சு ஒரு சுத்து. வெள்ளியா ஓடும். பாத்திரம் ஆறியிருந்துச்சுன்னா ஈயம் உருண்டையா நிக்கும், ஒட்டாது. அதே சங்கதிதான் இது. நீ ஈயத்தச் சூடு பண்ற. வயரச் சூடு பண்ணு. ஈயம் தானா வரும்.”

எங்கள் பாட்டி வீட்டு வாசலில் அந்தப் புகையின் கார நெடியில் தும்மியபடி நான் வேடிக்கை பார்த்து நின்றது ஞாபகம் வந்தது. (நவச்சாரத்தை எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் கொண்டுவரக் கூடாதாம். மிச்சம் இருந்தால் கம்பியை அரித்துவிடும். பாத்திரக் கடையில் விற்கும் ஈயக் குச்சியும் இதற்கு ஆகாது.)

இந்தத் தடவை அயர்ன் நுனியை ஸ்பாஞ்சில் துடைத்தேன். துளி ஈயம் தொட்டு நுனியைப் பளபளப்பாக்கினேன். முறுக்கின வயருக்கு அடியில் அயர்னைக் கொடுத்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். மேல் பக்கத்தில், அயர்ன் படாத இடத்தில், ஈயக் கம்பியைத் தொட்டேன்.

சார், அதைப் பார்க்க வேண்டும்! உருகின ஈயம் ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவில் தானாக, தாகம் எடுத்தவன் தண்ணீர் குடிப்பது போல, சர்ரென்று உள்ளே போயிற்று. அயர்னை எடுத்தேன். ஆசையில் ஊதப் போனேன்.

“ஊதாத! ஆட்டாத! அது தூங்கட்டும்” என்றார் பெரியவர்.

ரெண்டு செகண்டில் ஆறியது. வெள்ளிக் கம்பி மாதிரி பளபளப்பு. ஒவ்வொரு இழையின் முறுக்கும் மேலே தெரிந்தது. பெரியவர் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். ஊஹூம். என்னிடம் கொடுத்தார். அவ்வளவுதான் பாராட்டு. எனக்கு இன்க்ரிமென்ட் வந்தபோது கூட இப்படி இருந்ததில்லை.

* * *

அந்த சந்தோஷத்தில் கீழே போய் ரெண்டு டீயும் நாலு மசால் வடையும் வாங்கி வந்தேன். வடையை எடுத்த கையில் பட்டென்று ஒரு அடி.

“கை கழுவு! சோப்புப் போட்டு.”

பிசின் புகை கண்ணையும் மூச்சுக் குழாயையும் எரிக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. அதற்குத்தான் ஃபேனும் ஜன்னலும். ஆனால் இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகிப் புகையோடு வராது. அது விரலில் ஒட்டி, வடை வழியாகத்தான் உள்ளே போகும். உள்ளே போனது சுலபத்தில் வெளியே வராது. குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். அதனால் சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை கூடாது. மூணாவது கை இல்லையே என்று ஈயக் கம்பியை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் உண்டு. “நானும் இருவது வருசம் கவ்வினேன். யாரும் சொல்லல” என்றார், டீயை ஊதிக்கொண்டே. இந்தக் காரீயத்துக்காகவேதான் ஐரோப்பாவில் 2006-லிருந்து பெரும்பாலான சாமான்களில் அதற்குத் தடை. காரீயம் இல்லாத சுருளும் இங்கே கிடைக்கிறது. உருக 217 டிகிரிக்கு மேல் கேட்கும். பளபளப்பும் குறைவு. பழகுகிறவனுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

பக்கத்துக் கூண்டில் ஒரு இளைஞர் கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றைத் திறந்துவைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டதே என்று நான் ஆர்வத்தில் விரலை நீட்ட, இரண்டு பேரும் ஒரே குரலில் “டேய்!” என்றார்கள். (வயசு வித்தியாசம், டிகிரி எதுவும் அங்கே செல்லாது.) உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கரண்ட் தங்கியிருக்குமாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். ஒரு பழைய குண்டு பல்பின் ரெண்டு வயரை அதன் கால்களில் வைத்துக் காட்டினார் அந்த இளைஞர். பல்பு பளிச்சென்று ஒரு கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அந்த ஒரு சிமிட்டல் என் விரலுக்கு வந்திருக்க வேண்டியது.

அதே பல்பை ஒரு பலகையில் சீரீஸாக மாட்டியும் வைத்திருக்கிறார்கள். ரிப்பேர் பார்த்த சாமானை நேராக பிளக்கில் மாட்டாமல் அதன் வழியாக மாட்டுகிறார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் சாமான் வெடிக்காமல் பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பலகைக்கு அங்கே பெயர் ‘சீரியஸ் பல்பு’. தப்பாகச் சொல்கிறார்கள் என்று முதலில் சிரித்தேன். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

மூணரை மணிக்கு என் லைட்டில் கை வைக்க அனுமதி கிடைத்தது. “ரெண்டு ஜாயின்டும் பக்கத்துல பக்கத்துல வராத மாதிரி, ஒண்ண நீட்டா ஒண்ண குட்டையா வெட்டு. டேப்பு அவுந்தா கூட மூஞ்ச மூஞ்சப் பாத்துக்கக் கூடாது” என்றார். கட்டரால் வெட்டும்போது துணுக்கு கண்ணுக்குப் பறக்காமல் இருக்கத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஸ்லீவை ஒட்டுவதற்கு முன்னாலேயே வயருக்குள் நுழைத்துவிட வேண்டும். ஒரு தடவை மறந்துபோய், நன்றாக ஒட்டினதைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்தில் ரெண்டு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. இந்த ஒரு ஃப்யூஸ் அன்றைக்கு இருந்திருந்தால், அதன் கம்பி அறுந்திருக்கும். மாமனார் கை தப்பித்திருக்கும்.

போர்டில் ஒரு டயோடு போயிருந்தது. அதை மாற்றவும் விட்டார். கோடு போட்ட பக்கம் எது என்று பார்த்து வைத்தேன். காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டால் சூட்டைப் பிளையர் வாங்கிக்கொள்ளும், டயோடு பிழைக்கும். மூணு செகண்டுக்கு மேல் அயர்ன் இருந்தால் போர்டில் ஒட்டியிருக்கிற செம்புப் பட்டையே உரிந்து வந்துவிடும்.

கர்வம் வந்துவிட்டது எனக்கு. “வீட்ல பிளக்குக்குள்ள இருக்கிற வயர் நுனியெல்லாம் இப்படி ஈயம் பூசிட்டா உறுதியா இருக்குமில்ல?” என்றேன்.

“கெட்டுது போ. ஸ்க்ரூ போட்டு இறுக்கற எடத்துல ஈயம் கூடாது. ஈயம் மெத்து. நாளாக நாளாக அமுங்கும், ஸ்க்ரூ லூசாவும், சூடாவும், பத்திக்கும். அப்புறம், பவர் பேங்க்ல இருக்கற லித்தியம் பேட்டரி மேல அயர்ன் வெச்சுப் பாக்கலாம்னும் தோணும் உனக்கு. உன் மூஞ்சியப் பாத்தா தெரியுது. வெக்காத. வெடிச்சுடும்.”

நிஜமாகவே தோன்றியிருந்தது.

கிளம்பும்போது காசு நீட்டினேன். வடைக்குச் சரியாகப் போயிற்று என்றார். பிளக்கைப் பிடுங்கி, அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயத்தைப் பூசி ஆறவிட்டுக் கொடுத்தார். வெறும் நுனியாக வைத்தால் கறுத்துப்போய் அடுத்த தடவை ஈயம் பிடிக்காதாம்.

* * *

பொங்கலன்று மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் மஞ்சள் பையைத் திறந்து லைட்டை எடுத்து மாமனார் முன்னால் வைத்தேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். புதுசு இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். மூடியைக் கழற்றினார். பேட்டரி கிளிப் ரெண்டையும் முதலில் பிடுங்கினார். (கணக்குப் பிரிவில் இதெல்லாம் கூடச் சொல்லித் தருவார்களா?) சிவப்பு வயரை ஒரு இழு. கறுப்பு வயரை ஒரு இழு. மறுபடி சிவப்பு. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்க்கப் போன நாள் மாதிரி இருந்தது. ஃப்யூஸைப் பார்த்தபோது மட்டும் அவர் புருவம் கொஞ்சம் ஏறியது.

“யார்கிட்ட குடுத்து சரி பண்ணீங்க மாப்ளே?”

“நானேதான் மாமா.”

மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினார். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இளஞ்சிவப்பாக இன்னும் தெரிந்தது. லைட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பரணிலிருந்து ஒரு பழைய டிரான்ஸிஸ்டரை இறக்கி, தூசியைத் துண்டால் தட்டி, என் எதிரில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஊரில் கரண்ட் போகவே இல்லை. பத்து மணிக்கு மாமனார் எழுந்து போய் ட்யூப் லைட்டைத் தானே அணைத்தார். பிறகு அந்த எமர்ஜென்ஸி லைட்டைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.